நாற்காலியின் சூடு

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது. என் கதைகளில் வரும் காவல் நிலையங்களில் பேனா நூலில் கட்டித் தொங்கும், எழுதினால் மை வராது. நேரில் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான் பிசகும்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. தேநீர் கொடுத்தார்கள். வெளிச்சம் விழுகிற பக்கமாக மேசையை நகர்த்திப் போட்டார்கள். இதை என் சொந்த விருப்பத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் இருபத்தாறு வருடமாக வேலை. நோயாளிக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது என் பொறுப்பு. சத்தம் புகாத சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவேன். மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். பல பேர் நான் எதுவுமே அனுப்பாதபோதும் அமுக்குவார்கள். கேட்காமல் போய்விடுமோ என்கிற பயத்திலேயே அவர்களுக்குக் கேட்டுவிடும். அந்த முகங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மற்ற நேரத்தில் கதை எழுதுவேன்.

ஏன் எழுதுகிறீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, வழக்குக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்டுவிட்டோமோ என்று நீங்களே கொஞ்சம் கூச்சப்பட்டீர்கள். சம்பந்தம் இருக்கிறது. எனக்கு இருபத்தெட்டு வயதில் அப்பா போய்ச்சேர்ந்தார். வீடே அலறியது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கட்டில் பக்கத்தில் அவர் குடிக்காமல் விட்ட பால் இருந்தது. அதில் ஆடை படிந்து, அந்த ஆடை மேல் ஒரு சின்ன எறும்பு நின்றது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று அத்தை காதுபடச் சொன்னாள். பத்து நாள் கழித்து அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். எறும்பு என்ற சொல்லை எழுதியபோது அழுகை பீறிக்கொண்டு வந்தது. அன்றுதான் என் அப்பா இறந்தார்.

எனக்கு எதுவும் நடக்கும்போது நடப்பதில்லை. எழுதும்போதுதான் நடக்கிறது. எழுதாத நாட்களில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். நீங்கள் இந்த வழக்கில் பயத்தைப் பற்றி நிறையக் கேட்டீர்கள். என் பயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது இதுதான்.

அப்பாவின் கதை பத்திரிகையில் வந்தது. நாற்பது கடிதங்கள் வந்தன. அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் நான் எழுதிய எதற்கும் ஒரு கடிதம் வரவில்லை. காரணம் எளிது. எனக்கென்று எதுவும் நடக்கவில்லை. கல்யாணம் கூடிவரவில்லை. பெரிய வியாதி இல்லை, விபத்து இல்லை. நல்ல ஆரோக்கியம். அது ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போன வருடம், தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் என்னை வரச்சொன்னார். தங்கமான மனிதர். திருப்பி அனுப்பும் கதையைக்கூட இரண்டு கையாலும் கொடுப்பார்.

“மேடம், ‘அவள் பயந்தாள்’னு எழுதியிருக்கீங்க. சரி, பயந்தா. எனக்கு ஒன்னும் ஆகலையே. உங்க அப்பா கதையில பால் மேல ஒரு எறும்பு நின்னுச்சு பாருங்க, அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் நான் பாலே குடிக்கல. அந்த மாதிரி ஒன்னே ஒன்னு கொண்டு வாங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை இங்கே கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் தங்கையைப் பற்றி இனி எழுத வேண்டும். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது இளையவள். அவள் புருஷன் பதினோரு வருடத்துக்கு முன்னால் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சின்னவள் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். என் வேலையிடத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடம்.

அவள் கேக் மேல் வைக்கிற சர்க்கரைப் பூ செய்பவள். சர்க்கரை மாவைப் பிசைந்து, காகிதம் மாதிரி தேய்த்து, இதழ் இதழாக வெட்டி, ஓரத்தை இன்னும் மெலிதாக்கி, கம்பியில் ஒட்டுவாள். ஒரு ரோஜாவுக்கு இருபத்து மூன்று இதழ். காற்று பட்டால் இதழ் காய்ந்து வெடித்துவிடும் என்று மின்விசிறியைப் போடமாட்டாள், ஜன்னலைத் திறக்கமாட்டாள். அந்த வீட்டில் பகல் முழுக்க அப்படி ஒரு நிசப்தம் இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் மதியம் பூப்பெட்டிகளைப் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிற சுபாவம் என்பதால் அவள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருந்தது.

முதல் தடவை நடந்தது தற்செயல். இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எனக்குக் கால் வலி. அவள் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. அவள் வேலை செய்யும் மேசை முன்னால் இருந்த மெத்தை நாற்காலியில் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பிறகு பூட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் படியில் இறங்கியபோது அவள் லிஃப்டில் ஏறியிருக்க வேண்டும். நான் வேலையிடத்துக்கு வந்து உட்கார்வதற்குள் போன் வந்தது.

“அக்கா, வீட்டுக்குள்ள யாரோ வந்திருக்காங்க.”

“என்னடி சொல்ற?”

“பூட்டு பூட்டின மாதிரியேதான் இருக்கு. ஒன்னும் காணாமப் போகல. ஆனா நாற்காலில கை வெச்சேன்கா. சூடா இருக்கு.”

நான்தான்டி வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மெதுவாகச் சொன்னாள். “யாரோ இவ்வளவு நேரம் இங்க உட்கார்ந்து, என் பூவையெல்லாம் பார்த்துட்டு இருந்திருக்காங்க. எனக்கு அதுல உட்காரவும் முடியல, அதுலேர்ந்து கையை எடுக்கவும் முடியல.”

என் முன்னால் ஒரு நோயாளியின் படிவம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் என் கை தானாக எழுதிக்கொண்டிருந்தது: நாற்காலி சூடாக இருந்தது. எழுதி முடித்தபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இருபத்தைந்து வருடம் கழித்து முதல் தடவையாக எனக்கு ஒன்று நடந்தது.

சாயங்காலம் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேசை மேல் உடைந்த இதழ்கள் கிடந்தன. ஒன்றுகூட உருப்படியாக வரவில்லையாம். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். எந்தக் கை, எந்த விரல் முதலில் பட்டது என்றுகூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கழுத்தில் ஒரு நரம்பு எகிறி எகிறி அடங்கியது. நான் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். நிறுத்தியிருப்பாள். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குறுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் போனேன். எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். எதையும் எடுப்பதில்லை. எதையும் உடைப்பதில்லை. அவளுடைய தலையணையில் ஒரு தலை பதிந்த குழி. சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரில் நாளைய தேதி. நாலு செருப்பில் ஒரு செருப்பு மட்டும் வாசலைப் பார்த்து. அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்குள் அவள் என்னைக் கூப்பிடுவாள். நான் தாளை எடுத்து வைத்துக்கொள்வேன்.

அவள் போலீஸுக்கும் போனாள். உங்கள் காவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். “தலையணையைக் கசக்கிட்டுப் போறதுக்கா ஒருத்தன் பூட்டைத் திறந்து வருவான்? எதுக்கும் தேதி போட்டு எழுதி வைங்கம்மா, பார்க்கலாம்.” வீட்டுக்காரர், தனியாக இருந்தால் இப்படியெல்லாம் தோன்றும், கொஞ்சம் கோயில் குளம் போய் வாங்க என்றார். மகள் போனில், “அம்மா, ஒரு டாக்டரைப் பாரும்மா, ப்ளீஸ்,” என்றாள். சின்னவள் என்னிடம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். “திருடன்னா எதையாவது எடுத்துட்டுப் போகணும்ல? இவன் என்னடான்னா மாமியார் மாதிரி வந்து வீடு சரியா இருக்கான்னு பார்த்துட்டுப் போறான்.” சிரிக்கும்போதும் அவள் கண் வாசல் தாழ்ப்பாளிலேயே இருக்கும்.

“நீ நம்புறியாக்கா?”

“நம்பறேன்டி. நீ சொல்ற ஒவ்வொன்னையும் நம்பறேன்.”

அது பொய் இல்லை.

ஒரு நாள் பூட்டை மாற்றினாள். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி வந்தது. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடினாள். “இது உன்கிட்ட மட்டும் இருக்கட்டும். வேற யார்கிட்டயும் குடுக்கல.” பூட்டு மாற்றியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே போகவில்லை. அதற்கு அடுத்த செவ்வாய் போனேன். அன்று அவள் போனில் பேசவே இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பூட்டு மாற்றியும் நாற்காலி சூடாக இருந்தது.

“நாலு நாள் உன் வீட்ல வந்து இருக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள் கடைசியில்.

யோசித்துத்தான் பதில் சொன்னேன். என் வீட்டில் பூக்கள் காய இடம் இல்லை. கல்யாண கேக்குக்கு முந்நூறு பூ கேட்டிருந்தார்கள். “இப்ப விட்டுட்டு வந்தா பயம்தான் ஜெயிக்கும்டி,” என்றேன். அவள் சரி என்றாள். என் பேச்சை அவள் எப்போதும் கேட்பாள்.

காவலர் சொன்னபடி அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். நான் அதற்கு முன்னாலேயே, அவள் இல்லாத மதியங்களில் படித்திருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு மேல் ஒரு கட்டுரைகூட எழுதாதவள் அவள். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இன்று வரவில்லை. வராத நாளில்தான் ரொம்பப் பயமாக இருக்கிறது. வந்துவிட்டுப் போய்விட்டால் இன்றைக்கு அவ்வளவுதான் என்று குளிக்கலாம்.’ நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அதை ஏழெட்டு தடவை படித்தேன். பொறாமை வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வரிகளைக் கதையில் அப்படியே போட்டேன்.

கதை வந்தது. ஆசிரியர் வேலையிடத்துக்கே போன் செய்தார். “மேடம், என் மனைவி இப்ப வீட்ல எந்த நாற்காலியையும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் உட்காருறாங்க.” அறுபத்திரண்டு கடிதங்கள் வந்தன. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சின்னவளுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு நாலு வரி படித்தால் கண் சுற்றும். அன்றைக்கு விரல் வைத்து வைத்து முழுதும் படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். “எல்லாரும் என்னைப் பைத்தியம்னு பார்க்கறாங்க. நீ ஒருத்திதான் நான் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்க,” என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். நோட்டில் மட்டும் எழுதியதைக்கூட என்னிடம் சொன்னதாகவே நினைத்துக்கொண்டாள். பத்திரிகையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். இதற்குப் பிறகும் நான் செய்தது அவளுக்குக் கெடுதல் மட்டும்தான் என்று சொல்வது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆசிரியர் இதே பெண்ணைப் பற்றி இன்னும் இரண்டு கதை கேட்டார். மூன்றையும் சேர்த்துப் புத்தகம் போடலாம் என்றார். இரண்டாவது கதையில்தான் நான் அவசரப்பட்டேன். மாதத் தொடக்கத்திலேயே கதையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில், காயவைத்த வெள்ளை ரோஜாவில் ஓர் இதழ் கடிக்கப்பட்டிருப்பதை அந்தப் பெண் பார்க்கிறாள். பல் பதிந்த தடம் தெரிகிறது. அது எனக்குத் தானாகத் தோன்றியது. எழுதி அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. நடக்காத ஒன்றை நடந்தது போல எழுதிவிட்டேனே என்று உறுத்தியது. பத்திரிகை வெளிவருவதற்குள் அதை நடத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பத்திரிகை பதினைந்தாம் தேதி கடைக்கு வந்தது. நான் பத்தொன்பதாம் தேதிதான் போய் அந்த இதழைக் கடிக்க முடிந்தது. கடித்து மென்றுவிட்டேன். இனிப்பாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. கதை இன்னும் வரவில்லை என்று சின்னவளிடம் சொல்லிவைத்திருந்தேன்.

எல்லாரும் அனுபவத்தைக் கதையாக்குவார்கள். நான் அந்த ஒரு தடவை மட்டும் கதையை அனுபவமாக்கினேன். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அதுகூட முறைப்படி நடந்திருக்கும்.

அன்று அவள் போன் செய்யவில்லை. நானே போனேன். சமையலறை மூலையில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேயறைந்த மாதிரி முகம். “சாப்பிட்டுப் பார்த்திருக்கான்கா,” என்றாள். அடுத்தது நான்தானே என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவள் பற்கள் மோதிக்கொள்ளும் சத்தம் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கதைக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. இதுவரை அந்தப் பெண் வீட்டில் இல்லாதபோதுதான் எல்லாம் நடந்தது. அவள் உள்ளே இருக்கும்போது பூட்டில் சாவி திரும்பினால் என்ன செய்வாள்? ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஐந்தும் பொய். கத்துவாள் என்று எழுதினால் அது சினிமா. மயங்கி விழுவாள் என்று எழுதினால் அதைவிடச் சினிமா.

ஒரு புதன்கிழமை. பரிசோதனை இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் வந்திருந்ததால் பதினோரு மணிக்கே எனக்கு வேலை இல்லை. போனேன். சாவியைப் பாதி திருப்புவது, கொஞ்ச நேரம் நிற்பது, அவள் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கிவிடுவது. திட்டம் அவ்வளவுதான்.

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே மாவு தேய்க்கும் உருளை பலகையில் உருள்வது கேட்டது. சாவியைப் போட்டேன். உருளை நின்றது. பாதி திருப்பினேன்.

பிறகு மூச்சு. வாய் வழியாக வாங்கும் மூச்சு, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில். “யாரு?” என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை, காய்ந்த ஓலையை இழுத்த மாதிரி இருந்தது. நாற்காலியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். கத்தவில்லை. எனக்கும் உள்ளங்கால் வரை வியர்த்திருந்தது. நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

அப்போது என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். சின்னவள் என்று காட்டியது. பயம் வந்தால் அவள் கூப்பிடுவது என்னைத்தானே. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மணிச்சத்தம் இல்லை, அதிர்வு மட்டும்தான். ஆனால் மெல்லிய மரக்கதவு அது. பயந்த காதுக்கு எவ்வளவு கேட்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். அவள் அழைப்பைத் துண்டித்தாள். அதிர்வு நின்றது. மறுபடி கூப்பிட்டாள். அதிர்ந்தது. துண்டித்தாள். நின்றது. மூன்றாவது தடவை கூப்பிட்டு உடனே வைத்துவிட்டாள். ஒரே ஓர் அதிர்வு.

“அக்கா?”

நான் போனைக் கைப்பைக்குள் போட்டேன்.

“அக்கா, நீயா?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று நீங்கள் நேற்று மேசையைத் தட்டிச் சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“ஏன்கா?” என்றாள்.

அதற்கப்புறம் வெறுங்கால் ஓடும் சத்தம். உள்ளே போனது, சமையலறையைத் தாண்டியது, பின்பக்க பால்கனித் தாழ்ப்பாள் விழுந்தது. அவள் நோட்டில் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறாள்: ‘அவன் வந்தால் பின்பக்கம். பக்கத்து வீட்டு பால்கனிக்கு ஓர் எட்டுதான்.’ நான் அதைப் படித்திருந்தேன். அந்த எட்டு எட்டாது என்றும் எனக்குத் தெரியும், பூந்தொட்டி வைக்கும்போது ஒரு தடவை கையால் அளந்து பார்த்திருக்கிறேன். அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

கீழே கேட்ட சத்தத்தை இங்கே எழுதவில்லை. மூன்றாவது கதையில் இருக்கிறது.

நான்தான் முதலில் ஓடினேன். அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டது நான். ஆம்புலன்ஸில் கூட வந்தது நான். மருத்துவமனையில் மூன்று நாள் அவள் அறையை விட்டு நகராமல் இருந்ததும் நான்தான். விசாரித்துப் பாருங்கள், அங்கே எல்லாருமே சொல்வார்கள். அவளால் கண் திறக்க முடியவில்லை, பேச முடியவில்லை. பேசுவது கேட்கலாம், பேசிக்கொண்டே இருங்கள் என்று மருத்துவர் சொன்னார். நான் அவள் காதருகே பேசினேன். பக்கத்தில் இருந்த திரையில் இதயத்துடிப்பின் எண் எழுபதிலிருந்து நூறுக்கு ஏறியது. நர்ஸுக்கு ஆச்சரியம். “உங்க குரல் கேட்டாத்தாம்மா இப்படி ஏறுது. அவங்க பொண்ணு பேசினாக்கூட ஏறல. அக்கான்னா அவங்களுக்கு உசிரு போல,” என்றாள். நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மூன்றாவது கதையை எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம். ஒரு வரியைக்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சின்னவளின் மகள் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் அம்மாவின் நோட்டும் பத்திரிகையும் இருந்தன. பத்திரிகையை ரயில் நிலையக் கடையில் வாங்கினாளாம், பெரியம்மா கதை வந்திருக்கிறதே என்று ஆசையாக. என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். இரண்டையும் என் முன்னால் விரித்தாள்.

“பெரியம்மா, இந்தப் புத்தகம் பதினஞ்சாம் தேதி வந்திருக்கு. அம்மா அந்தப் பூவைப் பத்தொம்பதாம் தேதிதான் பார்த்திருக்காங்க. இது எப்படி?”

என் கதையை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. “உங்கம்மா முதல்ல எழுந்து உட்காரட்டும், பேசுவோம்,” என்றேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். சுவர் இடித்ததும் திரும்பி, கீழே வாசலில் நிற்கும் காவலரைக் கூட்டிவர ஓடினாள். பயத்தில் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. நாலு மாடி. லிஃப்டில் எப்போதும் கூட்டம். போய்வர எப்படியும் கால்மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

இனி அவளுடன் தனியாக இருக்க விடமாட்டார்கள் என்று தெரிந்தது. மூன்றாவது கதையை அவள் கேட்காமல் போய்விடக்கூடாது. அது அவளுடைய கதை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். காதருகே குனிந்து படிக்க ஆரம்பித்தேன். உருளை நின்ற இடத்தில் எண் நூற்றுப் பத்து. சாவி பாதி திரும்பிய இடத்தில் நூற்று முப்பது. போன் அதிர்ந்த இடத்தை நிதானமாகப் படித்தேன், மூன்று தடவை அதிர்வதையும் விடாமல். அவள் விரல் ஒன்று போர்வையைப் பிறாண்டியது. நூற்று ஐம்பதைத் தாண்டியதும் திரை கத்த ஆரம்பித்தது. நர்ஸ் அதை எங்கே தொட்டு நிறுத்துவாள் என்று மூன்று நாளாகப் பார்த்திருந்தேன். தொட்டேன். நின்றது. மறுபடி கத்தியபோதெல்லாம் தொட்டேன். கதை கேட்கும்போது இடைஞ்சல் இருக்கக்கூடாது.

ஏழாவது பக்கத்துக்கு மேல் எண் இறங்கத் தொடங்கியது. வேகமாக இறங்கியது. உச்சத்தைத் தாண்டிய பிறகு கேட்பவர் மனசு அடங்குவது இயல்பு என்று நினைத்துக்கொண்டேன். கோடு நேரானபோது இன்னும் இரண்டு பத்தி மீதி இருந்தது. முடிவு தெரியாமல் அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவசரப்படாமல் கடைசி வரி வரை படித்துவிட்டு, தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் நர்ஸைக் கூப்பிட்டேன்.